பூ வண்டி நீங்கலாக

சகாயசெல்வி அக்காவின் பட்டறை வாசலில் ஒரு தகரப் பலகை தொங்குகிறது. பச்சைப் பெயிண்டில் அவரே எழுதியது: "இங்கு சத்தம் குறைத்துத் தரப்படும். கூட்டித் தரப்படாது." திண்டுக்கல் திருச்சி ரோட்டில் கார்களுக்குச் சைலன்சர் பழுது பார்க்கும் பட்டறை அது. அதற்குப் பக்கத்துக் கடை என்னுடையது. ஜெராக்ஸ், லேமினேஷன், ஆன்லைனில் விண்ணப்பம் போடுவது என்று என் பிழைப்பு ஓடுகிறது. என் பெயர் பானுப்ரியா.

ஏழு வருஷத்துக்கு முன்னால் கடை போட்ட முதல் வாரமே நான் அவரோடு சண்டைக்குப் போனேன். எனக்குப் பொறுமை கொஞ்சம் குறைவு. வீட்டிலும் இதைத்தான் சொல்வார்கள். அன்றைக்கு நான் கடையைத் திறந்ததுமே பட்டறையில் ஒரு கார் உறுமத் தொடங்கியது. என் ஜெராக்ஸ் மிஷின் கண்ணாடி கிடுகிடுவென்று ஆடியது.

"ஏங்க்கா, ஒரு ஆதார் கார்டு நேரா விழ மாட்டேங்குது. நீங்க சத்தத்தக் கொறைக்கிற கடையா, கூட்டுற கடையா?" என்று கேட்டேன்.

அக்கா காருக்கு அடியில் படுத்திருந்தார். தலையை மட்டும் வெளியே நீட்டினார். "செத்த நேரம் பொறு தாயி. வண்டி சூடாயிட்டா பொய் சொல்ல ஆரம்பிச்சிரும். ஆறிக் கெடக்கும்போதுதான் உண்மையச் சொல்லும்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் எழுந்து வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, எனக்கும் சேர்த்து டீ சொல்லிவிட்டு விளக்கினார். இரும்பு குளிர்ந்திருக்கும்போது மூட்டுகள் சுருங்கி இடைவெளி விட்டிருக்குமாம். புகை அந்த இடுக்குகளில் பீறிக்கொண்டு வரும்போது சத்தமும் கூடவே வரும். இன்ஜின் சூடானதும் இரும்பு விரிந்து இடுக்கு அடைபட்டுவிடும், சத்தமும் அடங்கிவிடும். அதனால்தான் ஓட்டிக்கொண்டு வருகிற காரை அக்கா உடனே தொட மாட்டார். சாயந்தரம் விட்டுவிட்டுப் போ, காலையில் பார்க்கிறேன் என்பார். அவசரக்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டே ஆட்டோ பிடித்துப் போவார்கள்.

காலையில் வந்ததும் சாவியைத் திருப்புவார். பின்னால் போய் ஒரு ஈரத்துணியைச் சுருட்டி, புகை வரும் வாயில் செத்த நேரம் வைத்து அடைப்பார். கண்ணை மூடிக்கொள்வார். பின்பக்கம் போக முடியாத காற்று எங்கே ஓட்டை இருக்கிறதோ அங்கே உஸ்ஸென்று வெளியேறும். அவர் கண்ணைத் திறக்காமலே, "முன்மூட்டுல இடுக்க அடைக்கிற பேக்கிங் போயிருச்சு. சைலன்சர் பெட்டிக்குள்ள தகடு ஒண்ணு கழண்டு ஆடுது. பின்னால தொங்குற ரப்பரு அறுந்து குழாய் பாடியில இடிக்குது" என்று சொல்வார். கழற்றிப் பார்த்தால் அப்படியே இருக்கும்.

இத்தனை கூர்மையான காது உள்ளவருக்குப் பாட்டு மட்டும் வராது. கோயில் பாடகர் குழுவில் சேர்ந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே, "செல்வி, நீ வாய மட்டும் அசைச்சாப் போதும்" என்று சொல்லிவிட்டார்களாம். பதினாறு வருஷமாக அக்கா வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருக்கிறார். அதில் அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை. கிறிஸ்துமஸுக்குக் குழுவோடு புதுச்சேலை கிடைக்கிறது என்பார்.

அக்கா பிறந்தது எரியோடு என்ற ஊரில். கடலையும் சோளமும் போட்ட குடும்பம். கல்யாணம் கட்டிக்கொண்டு வந்தபோது இந்தப் பட்டறை கணவர் சேவியருடையது. ஆனால் சேவியர் அண்ணனுக்கு வண்டிக்கு அடியில் படுப்பதைவிட வண்டிமேல் உட்கார்ந்து போவதுதான் பிடித்திருந்தது. லாரி ஓட்டப் போய்விட்டார். மாதத்தில் இருபது நாள் நாக்பூர், இந்தூர் என்று போன் வரும். அக்கா வெல்டிங் ராடைக் கையில் எடுத்தது அப்படித்தான். முதல் வருஷம் பொம்பளையா ஒட்டப்போகிறது என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு போனவர்கள் இருக்கிறார்கள். இப்போது அவர்கள் பிள்ளைகள் வருகிறார்கள்.

அந்தப் பிள்ளைகளால்தான் பலகையே வந்தது. சிவபிரகாஷ் என்று ஒருவன், காலேஜ் முடித்துவிட்டு அப்பாவின் காரை ஓட்டிக்கொண்டிருப்பவன். பெட்டியைக் கழற்றிவிட்டு வெறும் குழாய் போட்டுக் கொடுங்கள், வண்டி வந்தால் பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்க்க வேண்டும் என்று நாலு தடவை வந்து நின்றான். நாலாவது தடவை அக்கா பெயிண்ட் டப்பாவை எடுத்தார். பலகை எழுதி முடிக்கும்வரை அவன் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அக்காவுக்கு அந்தப் பலகைமேல் அவ்வளவு பெருமை. யாராவது பெரிய ஆள் வண்டி கொண்டுவந்து சத்தம் கூட்டச் சொன்னாலும் பலகையைக் காட்டுவார், அந்த வேலையை எடுக்க மாட்டார்.

இந்தப் பலகைக்குத்தான் போன வைகாசியில் சோதனை வந்தது.

பொம்மையன் என்று ஒரு பெரியவர். ஆத்தூர் பக்கம் மல்லிகைத் தோட்டங்களில் பூ ஏற்றி, திண்டுக்கல் பூ மார்க்கெட்டுக்குக் கொண்டுவருபவர். பின் சீட்டைக் கழற்றிய ஒரு பழைய ஆம்னி வேன். அவர் திருச்சி ரோட்டில் திரும்பும்போதே எனக்குத் தெரிந்துவிடும். முன்னால் ஒரு உறுமல், நடுவில் தகரம் அடிபடும் சத்தம், ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் பட் பட்டென்று வெடி. ஒரு தெருவுக்குத் தேவையான சத்தத்தை அந்த ஒரு வண்டி போட்டது. போலீஸ் ஒரு தடவை அபராதம் போட்டு, அடுத்த தடவை வண்டியையே எடுத்து வைத்துவிடுவோம் என்று சொல்லியிருந்தது.

"எப்படியாச்சும் அடக்கிக் குடு தாயி. வண்டியப் புடிச்சுட்டா எம் பொழப்பு போச்சு" என்றார்.

திங்கட்கிழமை அக்கா காலையில் துணியைச் சுருட்டி வைத்துக் கேட்டார். கேட்கத் தேவையே இல்லை, நாலு பக்கமும் பீறியது. இன்ஜினும் குழாயும் சேரும் மூட்டில் பெரிய ஓட்டை. ஆம்னியில் டிரைவர் சீட்டே இன்ஜின்மேல்தான் இருக்கிறது.

"அண்ணே, ஒங்களுக்குத் தலவலி வருமா?"

"தெனமும் வரும். வெயிலுன்னு நெனச்சுக்கிருவேன்."

"வெயிலு இல்ல. பொகை. இம்புட்டு நாளா அதத்தான் குடிச்சுக்கிட்டு வாறீக."

அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. அந்த வண்டிமேல் கோபம். நாள் முழுக்க அடியிலேயே கிடந்தார். மூட்டுக்குப் புது பேக்கிங், புதுப் பெட்டி, புது ரப்பர். அத்தோடு நின்றிருக்கலாம். அவர் நிற்கவில்லை. யாரும் கேட்காமலே குழாயின் நடுவில் இன்னொரு சின்னப் பெட்டியையும் வைத்து ஒட்டினார். மிச்சமிருந்த முனகலையும் அது விழுங்கிவிட்டது. சாயந்தரம் சாவியைத் திருப்பியபோது, வண்டி ஓடுகிறதா இல்லையா என்று நான் வேன் கண்ணாடியில் கை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன்.

"இது எப்படி இருக்கு பானு?" என்று அக்கா சிரித்தார். பொம்மையன் அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் சாயந்தரம் திரும்பி வந்தார். வேன் பின்னால் மூட்டைகள் அப்படியே கிடந்தன. அவை மொட்டாக மார்க்கெட்டுக்குப் போயிருக்க வேண்டியவை. எல்லாம் மலர்ந்து, தெருவே மணத்தது. அந்த மணம்தான் தப்பு; மலர்ந்த பூ விலை போகாது.

"தலவலி போயிருச்சு தாயி" என்று நல்லதை முதலில் சொன்னார். அப்புறம் தலையைச் சொறிந்தார். "ஆனா ஒருத்தரும் வரல."

விஷயம் இதுதான். அவர் போகிற ரோட்டோரம் ஒன்பது தோட்டங்கள். ஒவ்வொன்றிலும் பெண்கள் இருட்டு பிரியும்போதே இறங்கி மொட்டுப் பறிக்கிறார்கள். வண்டி வருகிற வரைக்கும் பறித்துக்கொண்டே இருப்பார்கள்; முன்கூட்டியே ரோட்டுக்கு வந்து நின்றால் அத்தனை மொட்டு செடியில் தங்கிப்போகும். வாய்க்கால் இறக்கத்தில் பொம்மையன் வண்டிச் சத்தம் கேட்டதும் மூட்டையைக் கட்டி, ஈரச் சாக்கு போர்த்தி, ரோட்டுக்கு ஓடி வருவார்கள். பத்து வருஷமாக இதுதான் நடந்தது. அந்த ஓட்டைச் சைலன்சர்தான் அவர்களுக்கு மணி. அக்கா அந்த மணியைக் கழற்றி எறிந்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை அவர் வழக்கமான இடங்களில் நின்று, நின்று பார்த்து, கடைசியில் ஒவ்வொரு தோட்டமாக இறங்கி நடந்து கூப்பிட்டிருக்கிறார். மார்க்கெட்டுக்கு வந்தபோது ஏலம் முடிந்துவிட்டது.

எனக்குத் தெரிந்த புத்திசாலித்தனத்தை நான் காட்டினேன். "ஏண்ணே, ஆரன் அடிக்கலாம்ல?"

"டவுன் பஸ்ஸு அடிக்குது, மீன்காரரு அடிக்கிறாரு, தேங்கா லாரி அடிக்குது. குனிஞ்சு பறிக்கிறவளுக்கு எந்த ஆரன்னு தெரியும்?"

"போன் போடுங்க."

"கையெல்லாம் பனி ஈரம். போனு பையில, பையி வரப்புல. ஒம்போது பேருக்குப் போட்டு, ஒம்போது பேரும் எடுத்து, நான் எப்ப மார்க்கெட்டு போறது?"

வெள்ளிக்கிழமை பெரிய முகூர்த்தம். அதற்கான பூ வியாழக்கிழமை காலை மார்க்கெட்டுக்குப் போயாக வேண்டும். வியாழக்கிழமையும் வண்டி பிந்தினால், இனிமேல் பூவை வேறொரு டெம்போக்காரரிடம் போட்டுவிடுவோம் என்று தோட்டக்காரர்கள் அவர் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார்கள். ஒன்பது தோட்டமும் போனால் பொம்மையன் அண்ணனுக்கு அந்த வேன் வெறும் தகரம்தான்.

"பழையபடி ஆக்கிக் குடுத்துரு தாயி. அந்த ஓட்டையவே போட்டுரு. தலவலிய நான் பாத்துக்கிறேன்."

 நான் அக்காவைப் பார்த்தேன், அவர் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அவர்மேல் கோபம்தான் வந்தது. யார் இவரை அந்த இரண்டாவது பெட்டியை வைக்கச் சொன்னது? அதை வாய்விட்டே கேட்டேன்.

"நான்தான் வச்சேன்" என்றார் அக்கா. "என் பெருமைக்கு வச்சேன். ஓட்டையப் போட மாட்டேன்ணே. பொகை குடிச்சுக்கிட்டே வண்டி ஓட்டி, எங்கயாச்சும் மயங்கி விழுந்தா என்ன செய்ய? நாளைக்கு விடியக்காலம் நானும் ஒங்க கூட வாரேன். அந்தச் சனங்களுக்கு என்ன கேட்டுச்சுன்னு எனக்குத் தெரியணும்."

புதன்கிழமை நானும் போனேன். கடையைத் திறக்கிற நேரத்துக்கு வந்துவிடலாம் என்று சொல்லித்தான் கூட்டிப்போனார்கள். நான் பூ மூட்டை போடும் இடத்தில் ஒரு சாக்கின் மேல் உட்கார்ந்து போனேன், இறங்கும்போது இடுப்பு என்னிடம் இல்லை.

தோட்டத்தில் வெளிச்சம் மெல்லப் பரவிக்கொண்டிருந்தது. அங்கே எல்லாருக்கும் முன்னால் நிற்பவர் பொன்னழகு. ஐம்பது வயது அம்மாள், முழங்கால்வரை சேலையைச் செருகிக்கொண்டு, தலையில் ஒரு துண்டைக் கட்டியிருந்தார். அக்காவை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீதான் வண்டிய ஊமையாக்குனவளா?"

"நான்தான்."

"நல்லா ஒட்டியிருக்க" என்றார் பொன்னழகு. பாராட்டா திட்டா என்று தெரியவில்லை.

அக்கா அவரிடம் கேட்டார்: பழைய வண்டி எப்படிச் சத்தம் போடும்? கேட்டதுதான் தாமதம். பொன்னழகு டுர்ர்ர் என்று ஆரம்பித்தார். பக்கத்து வரிசைப் பெண், அது இல்லை, இடையில் தகரம் தட்டும் என்று லொட லொட சேர்த்தாள். இன்னொருத்தி பட் பட் என்று வெடி போட்டாள். ஏழெட்டுப் பெண்கள் மல்லிகைச் செடிக்கு நடுவே நின்று ஒரு ஓட்டை வேனைப் பாடிக் காட்டினார்கள். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பாடகர் குழுவில் வாயை மட்டும் அசைத்தவர், இங்கே அவர்களோடு சேர்ந்து உரக்கவே டுர்ரென்றார். அதையும் தப்பாகத்தான் பாடினார்.

பிறகு வேலை. பொம்மையன் அண்ணன் வண்டியை இறக்கத்தின் மேலே கொண்டுபோய்த் திரும்ப ஓட்டி வந்தார். நாங்கள் செடிகளுக்கு நடுவே குனிந்து நின்றோம். அக்கா கண்ணை மூடிக்கொண்டார். வண்டி எங்களைத் தாண்டிப் போனதே எனக்குத் தெரியவில்லை.

"அண்ணே, எந்த கியர்ல வந்தீக?"

"டாப்புலதான். புது வண்டியாட்டம் போகுதேன்னு."

"ரெண்டாவதுல வாங்க."

இந்தத் தடவை லேசாக ஏதோ வந்தது. அதே வண்டி, அதே வேகம். கியர் குறைந்தால் இன்ஜின் வேகமாகச் சுற்றும், புகை அடிக்கடி உதைக்கும், சத்தம் கூடும் என்று அக்கா கண்ணைத் திறக்காமலே சொன்னார். பிறகு என்னை ரோட்டோரம் நிற்கச் சொன்னார். எனக்கு அங்கே நன்றாகக் கேட்டது. வண்டிக்கு நேர் பின்னால் நின்றபோது இன்னும் நன்றாகக் கேட்டது. தோட்டத்துக்குள் மட்டும்தான் வரவில்லை.

அக்கா வேனின் பின்னால் குத்தவைத்து, குழாய் வாயை விரலால் தொட்டார். அது நேராக, வந்த ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. தோட்டமெல்லாம் வலப்பக்கம்.

"பழைய பெரிய ஓட்டை எந்தப் பக்கம் இருந்துச்சு தெரியுமா பானு? வலப்பக்கம். அது இவுகளப் பாத்துக் கத்துச்சு. நான் போட்டது காலி ரோட்டப் பாத்துப் பேசுது."

அன்று மத்தியானமே வேலை முடிந்தது. நடுவில் வைத்த சின்னப் பெட்டியை அறுத்து எடுத்தார். தன் கையால் ஒட்டியதைத் தன் கையால் அறுக்கும்போது முகம் சரியில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். வால் குழாயை ஒரு சாண் நீட்டி, வாயை வலப்பக்கம் திருப்பி ஒட்டினார். குழாய் நீண்டால் சத்தம் கனத்து வரும், கனத்த சத்தம் காலைக் காற்றில் தூரம் போகும் என்றார். மூட்டில் போட்ட பேக்கிங்கை மட்டும் இன்னொரு தடவை சோதித்தார். ஒரு பொட்டுப் புகை வரவில்லை.

"அண்ணே, இறக்கத்துல ரெண்டாவது கியரு. மறந்துறாதீக. ஊருக்குள்ள வந்ததும் மேல போட்டுருங்க, வண்டி வாயத் தொறக்காது."

வியாழக்கிழமை நான் ஆறரை மணிக்கே கடைக்கு வந்துவிட்டேன். எனக்கு முன்னால் அக்கா வந்து உட்கார்ந்திருந்தார். வெல்டிங்கைப் பற்றவைக்கவில்லை. ஒரு காரை விட்டுப் போயிருந்தார்கள், அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பொம்மையன் அண்ணனுக்குப் போன் போடலாமா என்றேன். வண்டி ஓட்டும்போது போடக் கூடாது என்று அதட்டினார். ஏழானது. ஏழரையானது. இரண்டு டீ ஆறிப்போனது.  

எட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் அக்கா தலையைத் தூக்கினார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம் கேட்டது. தாழ்ந்த, உருண்டையான ஒரு சத்தம், மூன்று மூன்று துடிப்பாக. என் ஜெராக்ஸ் மிஷின் கண்ணாடி ஆடவே இல்லை.

"ரெண்டாவது கியர்ல வாராரு. ஊருக்குள்ள மேல போடச் சொன்னேன்ல" என்றார் அக்கா. 

வேன் வந்து நின்றது. பின்னால் காலி. ஒரு சாக்குகூட இல்லை.

"ஒம்போதும் ஏறிருச்சு. முத ஏலத்துலயே போயிருச்சு" என்றார் பொம்மையன் அண்ணன். "ஒங்களுக்குக் கேக்கணுமேன்னுதான் இங்க வந்ததும் கியரக் கொறச்சேன். வழியில போலீஸ்காரரு நிப்பாட்டி, மிஷின் வச்சு அளந்தாரு தாயி. ஆக்சிலேட்டர மிதிக்கச் சொன்னாரு, மிதிச்சேன். மிஷினப் பாத்தாரு, வண்டியப் பாத்தாரு, இது அந்தப் பழைய வண்டியான்னு கேட்டுட்டுப் போகச் சொல்லிட்டாரு."

வாழை இலையில் சுற்றிய ஒரு பெரிய மல்லிகைப் பந்தை நீட்டினார். பொன்னழகு கட்டி அனுப்பியதாம். கூடவே ஒரு சேதியும் வந்திருந்தது: இப்போதைக்குப் பரவாயில்லை, ஆனால் அந்தப் பட் பட் வெடியையும் சேர்த்தால் இன்னும் நல்லாயிருக்கும். அக்கா சிரித்தபடியே கண்ணைத் துடைத்தார். எனக்கும் பாதி கிள்ளிக் கொடுத்தார்.

அன்று மத்தியானம் அக்கா பச்சைப் பெயிண்ட் டப்பாவைத் தேடி எடுத்தார். பலகையில் இடம் இல்லாமல், கீழ் ஓரத்தில் நெருக்கி எழுதினார்: "பூ வண்டி நீங்கலாக."

நாலு நாள் கழித்துச் சிவபிரகாஷ் வந்தான். பலகையை இரண்டு தடவை படித்தான். அப்படியே திரும்பிப் போனவன், பத்து நிமிஷத்தில் திரும்பி வந்தான். கார் முன்கண்ணாடிக்கு உள்ளே ஒரு முழம் மல்லிகை தொங்கியது.

"அக்கா, நம்ம வண்டியும் இப்ப பூ வண்டிதான்."

நான் சிரித்துவிட்டேன். அக்கா சிரிக்கவில்லை. அவனை நன்றாகப் பார்த்தார்.

"அப்பு, ஒன் வண்டிச் சத்தம் எப்ப கேக்கும்னு காத்துக்கிட்டு இருக்கிற ஆளு ஒம்போது பேரக் கூட்டிட்டு வா. அன்னைக்கே செஞ்சு தாரேன்."

அவன் விரல் விட்டு எண்ணிப் பார்த்தான். பிறகு காருக்குள் கையை விட்டு அந்த ஒரு முழத்தைக் கழற்றி அக்காவிடம் கொடுத்துவிட்டு, காரைச் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டு போனான்.